கார் கீறல்: எது அசிங்கம், எது அவசரம்?

இந்த எபிசோடில் நாம பேசப்போறது காரில் விழுற சின்னச் சின்ன காயங்கள் பத்தி. கீறல், கல் அடிச்ச புள்ளி, பம்பர் உரசல், தண்ணிக் கறை. இதில் எதை வீட்டு வாசலில் உட்கார்ந்து நாமளே சரி பண்ணலாம், எதை உடனே கவனிக்கணும், எதைத் தொடவே கூடாது என்பதுதான் விஷயம்.

எனக்கு வேலை பெங்களூரில், வீடு தருமபுரி பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓசூர், கிருஷ்ணகிரி வழியா என்.ஹெச். 44-ல் வந்து, ஞாயிறு ராத்திரி திரும்பிப் போற கூட்டத்தில் நானும் ஒருத்தன். இந்த ரோட்டில் கிரானைட் ஏத்தின லாரி, ஜல்லி டிப்பர் ஏதாவது ஒண்ணு எப்பவும் முன்னாடி போய்க்கிட்டே இருக்கும். சேலம் பக்கம் போனாலும் தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னாடி ஊர்ந்துதான் இறங்கணும். அதனால நம்ம மாவட்டத்துக் கார்களின் பானெட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தீங்கன்னா, மிளகு தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும்.

ஆனா அந்தப் புள்ளிகளை யாரும் கவனிக்கறதில்லை. கதவில் ஒரு சைக்கிள் ஹேண்டில் உரசி ஒரு முழத்துக்கு வெள்ளைக் கோடு விழுந்தாதான் தூக்கம் போகுது. உடனே டிங்கரிங் கடைக்கு ஓடி, கதவு முழுசுக்கும் பெயின்ட் அடிச்சுட்டு வர்றோம். உண்மையில் அந்த நீளக் கோடு அரை மணி நேரத்தில் மறையக்கூடியதா இருக்கலாம். யாரும் பார்க்காத அந்தச் சின்னப் புள்ளிதான் ஆறு மாசத்தில் துருவா மாறும்.

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு பக் வந்தா ரெண்டு கேள்வி தனித்தனியா கேப்போம். இது எவ்வளவு கண்ணில் படுது? இது எவ்வளவு சேதம் பண்ணும்? ரெண்டும் ஒண்ணு இல்லை. கார் கீறலுக்கும் அதே கணக்குதான். அதைப் புரிஞ்சுக்க முதல்ல பெயின்ட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்.

ஒரு தாள் தடிமன்

கார் பெயின்ட் என்று நாம சொல்றது ஒரே பூச்சு இல்லை. பொதுவா நாலு அடுக்கு. முதலில் வெறும் இரும்புத் தகடு. அந்த பாடியை முழுசா ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்திப் படிய வைக்கிற துருத் தடுப்புப் பூச்சு முதல் அடுக்கு. அதுக்குப் பேர் ஈ-கோட். அதுக்கு மேல பிரைமர். அதுக்கு மேல நிறம் தர்ற பேஸ் கோட். எல்லாத்துக்கும் மேல கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத கிளியர் கோட். காரின் பளபளப்பு இந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கு.

எல்லா அடுக்கும் சேர்த்து எவ்வளவு தடிமன் தெரியுமா? பெரும்பாலான கார்களில் 100-லிருந்து 150 மைக்ரான். நாம பிரிண்ட் எடுக்கிற ஏ4 தாள் ஒண்ணு ஏறக்குறைய 100 மைக்ரான். அதாவது காரின் மொத்த பெயின்ட்டும் ஒரு தாள், மிஞ்சினா ஒன்றரைத் தாள் கனம்தான். அதில் கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் சுமாருக்கு இருக்கும். அரைத் தாள்கூட இல்லை.

இந்தக் கிளியர் கோட்டை ஒரு பேங்க் பேலன்ஸ் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவை பாலிஷ் போடும்போதும் அதிலிருந்து கொஞ்சம் செலவாகுது. திரும்ப டெபாசிட் ஆகாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற ரசாயனமும் இந்த அடுக்கில்தான் இருக்கு. தேச்சுத் தேச்சு அது மெலிஞ்சுட்டா, நம்ம ஊர் ஏப்ரல், மே வெயிலில் அந்த இடம் வெளுத்து, செதில் செதிலா உரிய ஆரம்பிக்கும். அப்புறம் முழு பேனலுக்கும் புது பெயின்ட்தான் வழி.

இன்னொரு விஷயம். ஃபேக்டரியில் வெறும் பாடியை மட்டும் 140 டிகிரி செல்சியஸ் அளவுக்கு அவனில் சுட்டு பெயின்ட்டைக் கெட்டியாக்குவாங்க. சீட்டு, ஒயர், கண்ணாடி, டயர் எல்லாம் பூட்டின காரை அப்படிச் சுட முடியாது. நல்ல பெயின்ட் பூத் இருக்கிற ஒர்க்‌ஷாப்பில்கூட 60 டிகிரி பக்கம்தான். தெருவோர ஷெட்டில் அதுவும் கிடையாது, தூசி வேற ஒட்டும். அதனால ஃபேக்டரி பெயின்ட்டை ஒரு கீறலுக்காகச் சுரண்டி எறியறது பெரிய நஷ்டம்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கறவங்க இப்ப பெயின்ட் கனம் அளக்கற மீட்டரோட வர்றாங்க. ஒரு பேனல் 110 காட்டி, பக்கத்து பேனல் 250 காட்டினா, அது திரும்ப பெயின்ட் அடிச்சதுன்னு தெரிஞ்சுடும். பட்டி போட்டிருந்தா இன்னும் பல மடங்கு காட்டும். ஒரு சின்ன டச்-அப் புள்ளியைப் பார்த்து யாரும் விலை குறைக்க மாட்டாங்க. முழுக் கதவும் மாறியிருந்தா "என்ன ஆக்சிடென்ட்?"னு கேப்பாங்க.

தண்ணி சோதனை, நகச் சோதனை

இப்ப கீறல் எந்த அடுக்கு வரைக்கும் போயிருக்குன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு ரெண்டே சோதனை. ரெண்டுக்கும் முன்னாடி அந்த இடத்தைக் கார் ஷாம்பு போட்டு நல்லா கழுவிடுங்க. மண்ணோட துடைச்சா புதுக் கீறல் விழும்.

முதலாவது, தண்ணி. கீறல் மேல் கொஞ்சம் தண்ணி தடவுங்க. ஈரமா இருக்கும்போது கோடு மறைஞ்சு, காய்ஞ்சதும் திரும்ப வந்தா, அது கிளியர் கோட்டுக்குள்ளேயே இருக்கு. தண்ணி அந்தப் பள்ளத்தை நிரப்பி வெளிச்சம் சிதறாம பார்த்துக்குது, அவ்ளோதான்.

ரெண்டாவது, நகம். கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெதுவா இழுங்க. தடுக்காம வழுக்கிக்கிட்டுப் போனா பாலிஷ் போதும். நகம் சிக்கினா பாலிஷ் போட்டுத் தீராது. அந்த ஆழம் வரைக்கும் தேய்க்கணும்னா கிளியர் கோட்டே காலியாகிடும்.

அப்புறம் போன் டார்ச்சைச் சாய்வா அடிச்சு உள்ளே என்ன நிறம்னு பாருங்க. சாம்பல் மாதிரி தெரிஞ்சா பெரும்பாலும் பிரைமர். பளிச்னு உலோகம் தெரிஞ்சாலோ, காவி நிறம் தெரிஞ்சாலோ அது தகடு வரைக்கும் போயிருக்கு. அவசரம்னா இதுதான். புள்ளி கடுகளவு இருந்தாலும் சரி, இதைத்தான் முதலில் பார்க்கணும். ஏன்னா துரு அந்த ஓட்டையோட நிக்காது. ஈரம் உள்ளே புகுந்து பெயின்ட்டுக்கு அடியில் பக்கவாட்டில் பரவும். ஒரு நாள் அந்த இடம் கொப்புளம் மாதிரி உப்பும். அப்போ சுத்தியுள்ள நல்ல பெயின்ட்டையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியிருக்கும். நிறைய கார்களில் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கும், கடல் காத்து இல்லாத ஊர் என்பதால் நமக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆனா மழைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி மூடிடறது நல்லது.

மேல் கீறலுக்குப் பாலிஷ்

நகம் சிக்காத கீறலுக்கு வேண்டியது ரப்பிங் கம்பவுண்டு, அதை விட மென்மையான ஒரு பாலிஷ், ரெண்டு மூணு மைக்ரோஃபைபர் துணி, ஒரு மாஸ்கிங் டேப். சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

காரை நிழலில் நிறுத்தி, பானெட் ஆறினதுக்கு அப்புறம் ஆரம்பிங்க. பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக், ரப்பர், பேனல் ஓரம் எல்லாத்துக்கும் டேப் ஒட்டிடுங்க. ஓரத்திலும் மடிப்புக் கோட்டிலும் பெயின்ட் மெலிசா இருக்கும். அங்கே தேய்ச்சா சீக்கிரம் அடி தெரியும். துணியில் பட்டாணி அளவு கம்பவுண்டு எடுத்து, ரெண்டு உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும், மிதமான அழுத்தத்தில் இருபது முப்பது தடவை தேயுங்க. துடைச்சுட்டுப் பாருங்க. தேவைப்பட்டா இன்னொரு தடவை. மூணு தடவைக்கு மேல் வேண்டாம். அப்புறம் பாலிஷ், கடைசியா ஒரு வேக்ஸ். எண்பது சதவீதம் மறைஞ்சாலே நிறுத்திடுங்க. மீதி இருபதுக்காகத் தேய்க்கிறதுலதான் பெயின்ட் போகும்.

துணியில் கார் நிறம் ஒட்டினா உடனே நிறுத்துங்க. பழைய அம்பாசிடர் மாதிரி கிளியர் கோட் இல்லாத வண்டிகளில் நிறம் ஒட்டுறது சகஜம். இன்னிக்கு ஓடுற கார்களில் பெரும்பாலும் அது கிளியர் கோட்டைத் தாண்டிட்டோம்னு அர்த்தம்.

வீட்டு வைத்தியங்கள் பத்தியும் சொல்லிடறேன். டூத் பேஸ்ட் வேலை செய்யுதான்னு கேட்டா, கொஞ்சம் செய்யும். அதிலும் தேய்க்கிற பொடி இருக்கு. ஆனா அது பல்லுக்காகச் செஞ்சது. பொடி எவ்வளவு நைஸ் என்பது பிராண்டுக்கு பிராண்டு மாறும். தேங்காய் எண்ணெய், ஸ்ப்ரே எண்ணெய் எல்லாம் பள்ளத்தை நிரப்பி மறைக்கும். அடுத்த தடவை கழுவினா கீறல் அப்படியே இருக்கும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் கார் பக்கமே கொண்டு போகாதீங்க. அதில் இருக்கிற உராய்வுப் பொடி ஒரே இழுப்பில் நூறு கீறல் போடும்.

கல் அடிச்ச புள்ளிக்கு டச்-அப்

முதலில் சரியான நிறம் வேணும். "வெள்ளை கார், வெள்ளை பெயின்ட்" என்று கடையில் கேட்டா தப்பான வெள்ளைதான் கிடைக்கும். சாதா வெள்ளை வேற, முத்து வெள்ளை வேற. எஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ ஒட்டியிருக்கிற தகட்டில் பெயின்ட் கோடு இருக்கும். எழுத்தும் எண்ணும் சேர்ந்த சின்னக் குறியீடு. அதைச் சொல்லி டச்-அப் பாட்டில் வாங்குங்க. பல வருஷம் வெயிலில் நின்ன காரின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், அதனால நூறு சதவீதம் பொருந்தும்னு எதிர்பார்க்காதீங்க.

புள்ளியில் துரு இருந்தா, உப்புத்தாளை ஒரு தீக்குச்சி நுனியில் சின்னதா மடிச்சு, அந்த இடத்தை மட்டும் காவி போற வரைக்கும் சுரண்டுங்க. துருவை உள்ளே விட்டு மேல பெயின்ட் வெச்சா, அது அடியில் வளர்ந்துக்கிட்டே இருக்கும். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சு எண்ணெய்ப்பசை எடுங்க. தின்னர் வேண்டாம். முன்னாடி எப்பவாவது ஒர்க்‌ஷாப்பில் அடிச்ச பெயின்ட்டா இருந்தா அதையும் கரைச்சுடும்.

வெறும் தகடு தெரிஞ்சா முதலில் ஒரு துளி பிரைமர். காய்ஞ்சதும் நிறம். பாட்டிலோட வர்ற பிரஷ் பெரும்பாலும் தடிமனா இருக்கும். பல் குத்தும் குச்சியின் நுனிதான் நல்ல கருவி. பாட்டிலை நல்லா குலுக்கி, பள்ளத்துக்குள் மட்டும் ஒரு துளி விடுங்க. ஒரே தடவையில் நிரப்பாதீங்க. மெல்லிசா ரெண்டு மூணு தடவை, நடுவில் அரை மணி நேரமாவது விட்டு. கடைசியா கிளியர். அப்புறம் ஒரு வாரம் அதைச் சும்மா விடுங்க, பாலிஷ் கிட்ட போகாதீங்க.

கிட்டப் போய்ப் பார்த்தா புள்ளி தெரியத்தான் செய்யும். நாலடி தள்ளி நின்னா தெரியாது. நம்ம நோக்கம் புதுக் கார் மாதிரி ஆக்கறது இல்லை. இரும்புக்கும் தண்ணிக்கும் நடுவில் ஒரு கதவைச் சாத்தறது.

பம்பர் உரசல்

பம்பர் பிளாஸ்டிக், துரு பிடிக்காது. அதனால எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் அவசரம் இல்லை. சுவரிலோ வேற வண்டியிலோ உரசினதில் நாம பார்க்கிற வெள்ளையில் பாதி, அந்தச் சுவரின் சுண்ணாம்பும் அந்த வண்டியின் பெயின்ட்டும்தான். கம்பவுண்டு போட்டுத் தேய்ச்சா அது போய், அடியில் இருக்கிற உண்மையான கீறல் ரொம்பச் சின்னதா இருக்கும்.

பம்பர் உள்ளே அமுங்கியிருந்தா, சூடான தண்ணி ஊத்தி உள்பக்கமிருந்து தள்ளினா சில நேரம் வெளியே வரும். பிளாஸ்டிக் சூட்டில் இளகும், அதனால. இதே வித்தையை இரும்புக் கதவில் செய்யாதீங்க. வெந்நீர் சூட்டுக்குத் தகடு இளகாது. ஒரு எச்சரிக்கை: பம்பருக்குப் பின்னாடி ரேடார் வெச்ச கார்கள் இப்ப வருது. அந்த இடத்தில் பட்டியோ கூடுதல் பெயின்ட்டோ ஏறினா ரேடார் சரியாப் பார்க்காது. அதை சர்வீஸ் சென்டரிடம் விட்டுடுங்க.

நம்ம ஊர்த் தண்ணி, நம்ம ஊர்ப் பூஜை

தருமபுரி போர் தண்ணியில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதுக்காகத்தான் ஜப்பானின் ஜைகா நிதியுதவியோட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டி 2013-ல் தொடங்கினாங்க. ஆனா கார் மேல் வட்ட வட்டமா படியற வெள்ளைக் கறைக்கு முக்கியக் காரணம் ஃபுளோரைடு இல்லை. உப்புத் தண்ணின்னு நாம சொல்ற கடின நீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும். தண்ணி ஆவியாகும், அது மட்டும் தங்கிடும். வெயிலில் கழுவி அப்படியே காய விட்டா கறை கெட்டிப்படும்.

அதனால காலையில் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கழுவி, உடனே துணியில் ஒத்தி எடுங்க. கறை படிஞ்சிருந்தா, வெள்ளை வினிகரும் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலந்து துணியில் நனைச்சு, ஒரு நிமிஷம் வெச்சு எடுத்து, நல்லா கழுவிடுங்க. போகலைன்னா அப்புறம் பாலிஷ்.

அதே மாதிரி ஆயுத பூஜை. காருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கறது நம்ம வழக்கம், வைக்கத்தான் வேணும். கண்ணாடி மேலயோ நம்பர் பிளேட் மேலயோ வெச்சா கறை பிடிக்காது. கற்பூரத்தை பானெட் மேல் ஏத்தாம தட்டில் ஏத்துங்க. அந்தச் சூடு கிளியர் கோட்டைக் கருக்கிடும். மறுநாள் காய்ஞ்ச விபூதியையும் சந்தனத்தையும் பனியன் துணியில் வறட்டுன்னு துடைக்காதீங்க. முதலில் தண்ணி, அப்புறம் துணி. பறவை எச்சத்துக்கும் இதேதான்.

க்ளெய்ம் பண்ணலாமா?

"இன்ஷூரன்ஸ் இருக்கே, எதுக்கு நான் தேய்க்கணும்?" நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நோ க்ளெய்ம் போனஸ் என்பது வருஷா வருஷம் ஏறும்: 20, 25, 35, 45, 50 சதவீதம். உங்க ஓன் டேமேஜ் ப்ரீமியம் 8,000 ரூபாய், இப்ப 35 சதவீத போனஸில் இருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. க்ளெய்ம் பண்ணலைன்னா அடுத்த அஞ்சு புதுப்பித்தலில் 45, 50, 50, 50, 50. ஒரு க்ளெய்ம் பண்ணினா 0, 20, 25, 35, 45. வித்தியாசத்தைக் கூட்டினா 120 சதவீதம். ப்ரீமியம் மாறாதுன்னு வெச்சா 9,600 ரூபாய். கார் பழசாக ஆக ப்ரீமியம் குறையும், அதனால உண்மையில் இதை விடக் கம்மியா வரும். ஆனாலும் சின்னத் தொகை இல்லை.

இதுக்கு மேல, 1,500 சி.சி. வரைக்கும் உள்ள காருக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாயமா 1,000 ரூபாய் நம்ம கையிலிருந்து போகும். அதுக்கு மேல இருந்தா 2,000. ஜீரோ டெப் எடுக்காத பாலிசியில் பிளாஸ்டிக் பாகம் மாத்தினா பாதி விலை நம்மது. போனஸைப் பாதுகாக்கற ஆட்-ஆன் இருந்தா கணக்கு மாறும், பாலிசியைப் பாருங்க. ஆக, ஒரு பேனல் கீறலுக்கு க்ளெய்ம் பெரும்பாலும் நஷ்டம். அடி பெருசா இருந்து க்ளெய்ம் பண்றதா முடிவு எடுத்தா, சர்வேயர் பார்க்கறதுக்கு முன்னாடி எதையும் தொடாதீங்க.

இங்கே நிறுத்திடுங்க

கடைசியா, வீட்டில் செய்யக் கூடாதது. கடினப்படுத்தி கலந்து அடிக்கிற 2கே கிளியர் ஸ்ப்ரே ஆன்லைனில் சுலபமா கிடைக்குது. அதில் ஐசோசயனேட் இருக்கு. அந்தப் புகையைச் சுவாசிச்சா ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை ஒத்துக்காம போயிட்டா, அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். துணி மாஸ்க்கோ என்-95 மாஸ்க்கோ அதைத் தடுக்காது. வீட்டில் குழந்தைங்க, பெரியவங்க இருக்கிற இடத்தில் அடிக்கவே கூடாது. அது காத்தோட்டமும் சரியான சுவாசக் கருவியும் இருக்கிற பூத் வேலை.

உள்ளங்கையை விடப் பெருசா பெயின்ட் உரிஞ்ச இடம், மடிப்புக் கோட்டில் விழுந்த டென்ட், கதவு இடைவெளி ஒரு பக்கம் கூடிப் போனது, ஹெட்லைட் பக்கம் விரிசல், இதெல்லாம் நல்ல டிங்கரிங் அண்ணன்கிட்ட போக வேண்டியது. அவங்க கைத்திறமைக்கு அங்கேதான் வேலை. கடுகளவு புள்ளிக்கு முழு பானெட்டையும் அடிக்கச் சொல்லி அவங்ககிட்ட நிக்க வேண்டாம், அவ்ளோதான்.

இந்த ஞாயிறு காலையில் காரைக் கழுவினதும் பானெட்டில் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க. நீளமான கோட்டைத் தேடாதீங்க. காவி நிறப் புள்ளியைத் தேடுங்க. கிடைச்சா, மழை வர்றதுக்குள்ள மூடிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.